கேக்கல, அக்கா

வண்டிக்குள் தலையும் ரோட்டில் காலுமாக ஒருவன் மல்லாந்து கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஒரு வசதியை நம்பித்தான் ததேயு செசிலி டீச்சரின் வெள்ளைக் காரில், ஸ்டியரிங்குக்குக் கீழே, பிரேக் மிதிக்குப் பக்கத்தில் தலையை வைத்துக் கிடந்தான். வேலை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் வேலைக்காகப் போய்ப் படுக்கவில்லை, ஒளியப் போய்ப் படுத்தான். நாற்பத்து மூன்று வயது, கார்களுக்குப் பாட்டு செட்டும் ஹாரனும் கேமராவும் மாட்டுவதில் இருபத்திரண்டு வருட அனுபவம், தூத்துக்குடியில் கடைக்கு மேலே சொந்தப் பெயரில் போர்டு, இவ்வளவும் இருந்தும் அவமானம் என்று ஒன்று வந்தபோது பூனைக்குட்டி மாதிரி டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்துகொள்ளத்தான் தெரிந்தது. மிதியடி ரப்பரின் முட்கள் முதுகில் குத்தின. சனிக்கிழமை பதினொன்றரை மணி வெயில் முழங்காலுக்குக் கீழே சுட்டது, முழங்காலுக்கு மேலே காரின் நிழல், ஆக அவன் பாதி வெந்தும் பாதி வேகாமலும் இருந்தான். காலில் யாரும் வண்டியை ஏற்றிவிடக் கூடாதென்று பாதத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு ஸ்டூலைப் போட்டிருந்தான். ஸ்டூலின் கால்களுக்கு நடுவே ரோடு தெரிந்தது. அகலம் குறைந்த ரோடு. அதற்கு அப்பால் சர்பத் கடை, சர்பத் கடையின் குடை நிழலில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, அதில் இடது செருப்பின் வார் மட்டும் புதிதாகத் தைத்தது. அதுதான் டீச்சர். பாதம் வரைக்கும்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்த மட்டுக்கும் அவன் செய்த புண்ணியம்.

"சத்தம் இன்னும் இருக்கு. பாத்துருங்க." அவ்வளவுதான் இறங்கும்போது அவள் சொன்னது. அந்தப் 'பாத்துருங்க'வுக்குப் பின்னால் ஒரு 'ண்ணே' இருந்ததா இல்லையா என்பதில்தான் அவன் மாட்டிக்கொண்டு கிடந்தான். பாத்துருங்க என்றால் ஓர் அர்த்தம். பாத்துருங்கண்ணே என்றால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுச் சாவியைக் கடலில் எறிந்தாயிற்று என்று அர்த்தம். அவள் வாய் 'க'வில் நின்றதா, 'ணே'யில் போய் நின்றதா என்று கவனிப்பதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால் ஓர் உப்பு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போயிற்று. அந்த ஹாரனை மாட்டியதும் இவன்தான், மூன்று மாதத்துக்கு முன்னால், நாலு தெருவுக்குக் கேக்கணும் அண்ணாச்சி என்று டிரைவர் ஆசைப்பட்டதற்காக. தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், தன் ஹாரன் தன் காதை அடைக்கும் என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். டாக்டரம்மா, கல்லூரிப் பிள்ளைகள், மூன்று பேரப்பிள்ளைகளைத் தூக்கிவிட்ட கிழவிகூட. அது உறவும் இல்லை, பாசமும் இல்லை, ஒரு பொம்பிளை ஒரு கடைக்காரனிடம் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேசுவதற்குப் போட்டுக்கொள்கிற வேலி. அதில் அவனுக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. செசிலி டீச்சர் மட்டும் எட்டு மாதத்தில் ஆறு தடவை வண்டியைக் கொண்டுவந்தும் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை. பெயரும் சொல்வதில்லை. இங்க பாருங்க, இந்தாங்க, வந்துட்டேன். வாசல் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போகிற மாதிரி அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டே போவாள். முதல் இரண்டு தடவை அவன் கவனிக்கவில்லை. மூன்றாம் தடவை கவனித்தான். நாலாம் தடவை அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஐந்தாம் தடவை அவள் வண்டி திருப்பம் தாண்டி மறைந்ததும், வாய் சும்மா இருக்கமாட்டாமல், மணப்பாட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் லூர்து அக்காவுக்குப் போன் போட்டு, அவங்க என்ன அண்ணேன்னு கூப்பிடல அக்கா என்று உளறிவிட்டான். தப்பு அங்கேதான்.

இல்லை, தப்பு அங்கேயும் இல்லை, ப்ளூடூத்தில். புது செட் மாட்டினால் தன் போனை அதோடு சேர்த்து, பாட்டு வருகிறதா, பேச்சு கேட்கிறதா என்று பார்ப்பான். பார்த்து முடித்ததும் தன் போனின் பெயரை அதிலிருந்து அழித்துவிட்டுத்தான் வண்டியை விட வேண்டும். மறந்துவிடுவான். இந்த ஊரில் எத்தனை கார்களுக்குள் 'ததேயு போன்' என்று ஒரு பெயர் சம்பளமில்லாமல் குந்திக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பனிமய மாதாவுக்குத்தான் வெளிச்சம். இதுவரை அதனால் பெரிய கேடு வந்ததில்லை. ஒரு தடவை சிக்னலில் பக்கத்தில் நின்ற காரோடு போன் ஒட்டிக்கொண்டு, இவன் கேட்டுக்கொண்டிருந்த ஜெபமாலை அந்தக் காருக்குள் ஓடிய குத்துப்பாட்டை நிறுத்தியது, உள்ளே ஆடிக்கொண்டிருந்த நாலு பேரும் பயந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு டீச்சர் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஆக்சிலேட்டர மிதிச்சா ஸ்பீக்கர்ல ஒரு கொசு பாடுது, மிதிக்க மிதிக்க மேல போகுது என்று புகார். ஸ்பேனர் எடுக்கக் கடைப் பக்கம் திரும்பியபோது கையில் போன் அடித்தது. அக்கா. காதில் வைத்தான், ஒரு சத்தமும் இல்லை. சத்தமெல்லாம் காருக்குள் போய்க்கொண்டிருந்தது, நாலு கதவிலும் அவனே மாட்டிய நாலு ஸ்பீக்கர்களில். அவனுக்கென்ன தெரியும்? கேட்காதபோது எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான், இங்கே கத்தினால் அங்கேயிருந்து சத்தம் வந்துவிடும் என்பதுபோலக் கத்தினான்.

அக்கா முதலில் என்ன கேட்டிருப்பாள் என்று அவன் யோசிக்கவே தேவையில்லை, கிறிஸ்துமஸிலிருந்து எந்தப் போனையும் அவள் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறாள். ஏல, டீச்சர்ட்ட கேட்டியா? வெளியே நின்று இவன், "கேக்கல!" உள்ளே அக்கா, ஏன் கேக்கல? இன்னும் எத்தன நாளுதான் கேக்காம இருப்ப? வெளியே இவன் தெருவுக்கே தெரியும்படி, "அக்கா, கேக்கவே இல்ல!" நாப்பத்தி மூணு வயசாயிட்டு, இனி எப்பக் கேக்கப் போற, கல்லறைக்குப் போயா? "ஒண்ணுமே கேக்கல அக்கா!" காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் ஒரே சொல் போதும் என்று எந்தக் கஞ்சன் முடிவு செய்தானோ, அவன் இன்றைக்குக் கையில் கிடைத்தால் பிளையரால் ஒரு திருகு திருகலாம். கடைசி வரியை மட்டும் அவன் தன் காதாலேயே கேட்டான், கண்ணாடியைத் தாண்டிக் கசிந்து வந்தது, நல்ல ஸ்பீக்கர் அது, கசியும்: "அந்தப் பிள்ள உன்ன அண்ணேன்னு கூப்பிடலன்னு நீதானல சொன்ன? அப்புறம் என்ன எழவுக்கு யோசிக்க?" எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று திரும்பினான். டீச்சர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, லைசென்ஸ் எடுக்க வந்தவள் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கட் பண்ணி, கையைச் சுட்ட பொருளைப் போடுவதுபோல மேஜையில் போட்டான். அவள் எஞ்சினை அணைத்தாள், சாவியை அப்படியே விட்டாள், இறங்கினாள், அந்த வாக்கியத்தைச் சொன்னாள், லாரி வந்தது. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். அண்ணே என்கிற சொல்லை அவன் எப்படி எடை போட்டுக்கொண்டிருக்கிறான் என்பது உட்பட. இனி அவள் அதைச் சொன்னால் வாய் தவறிச் சொன்னதாக இருக்காது. சொல்லாமல் விட்டாலும் சும்மா விட்டதாக இருக்காது. அதனால்தான் அந்த ஒரு 'ண்ணே'யை லாரி கொண்டுபோனதா, இல்லை அது பிறக்கவே இல்லையா என்று தெரியாமல் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேலே பார்த்தான். வயர்கள். அவன் போட்ட வயர்கள் கறுப்பு டேப் சுற்றி ஒழுங்காகத்தான் போயின, சுற்று விட்டுச் சுற்று, ஒரு சீராக, யார் பார்த்தாலும் கைதேர்ந்தவன் வேலை என்பார்கள். பிறகு ஏன் இந்த ஒரு வண்டியில் மட்டும் கை இப்படிச் சொதப்புகிறது? முதலில் ரிவர்ஸ் கேமரா. பின்னால் இருப்பதை இடம் வலம் மாறாமல் திரையில் காட்ட ஒரு சின்ன வயரை வெட்டிவிட வேண்டும், வெட்டவில்லை. அவள் அப்போதுதான் ஓட்டப் பழகியிருந்தாள், திரையை வேதவாக்காக நம்பிப் பள்ளிக்கூடத்தில் பின்னால் எடுத்து, மாதா சிலை நிற்கும் கெபியின் முன்னால் இருந்த மூன்று பூந்தொட்டிகளைத் தலைமைக் கன்னியர் கண்ணெதிரேயே உடைத்தாள். வந்து கத்துவாள் என்று பார்த்தால், "ஸ்கிரீன்ல இடது பக்கம் இருக்கிறது உலகத்துல வலது பக்கம் இருக்கு. எது தப்புன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். அடுத்தது ஸ்பீக்கர். ஒரு பக்கத்தில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போய், பாட்டு வந்தது, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை, அடித்தொண்டை இல்லாத குரலாக நாலு பக்கமும் சிதறியது. அவள் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். பானெட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் இரண்டு அலை வரைந்து, "ஒண்ணு தள்ளும்போது ஒண்ணு இழுக்குது, அதான் ரெண்டும் சேந்து ஒண்ணுமில்லாமப் போகுது" என்று இருபத்திரண்டு வருட அனுபவத்துக்குப் பாடம் எடுத்தாள். அவன் அலையைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தான், சாக்பீஸ் பிடித்துப் பிடித்து நுனி காய்ந்துபோயிருந்த விரல். இரண்டு வயரையும் மாற்றிப் போட்டதும் குரல் வந்து கண்ணாடிக்கு நடுவில் ஆளாக நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது மூன்றாம் தடவை. அன்றுதான் அந்தச் சொல் இல்லாததைக் கவனித்தான். இப்போது இந்தக் கொசு. வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்திருப்பாளோ? டார்ச் வாயிலிருந்து நழுவி மூக்கில் விழுந்தது. தன்னை மறுபடி மறுபடி வரவைக்கத்தான் இவன் கோளாறு வைத்து அனுப்புகிறான் என்று நினைத்திருந்தால்? சே. அவமானத்துக்குள் இப்படி ஓர் அவமானமா? ஆசைப்பட்டவன் என்று நினைத்தால் நினைக்கட்டும், அது உண்மை. தொழிலில் பொய் பண்ணுகிறவன் என்று நினைத்தால் அதைத் தாங்க முடியாது.

நினைப்பதற்கு அவளுக்கு வேறு ஒன்றும் இருக்கிறது, அவளுக்கு நினைவிருந்தால். அதை நினைக்கக் கூடாது என்று அவன் கிளட்ச் கம்பியைப் பார்த்தான், ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தான், மூடியில் எழுதியிருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான், ஆனாலும் அது வந்துவிட்டது, சொல்லி வைத்தாற்போல பிரேக் மிதி வழியாகவே வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஊர்ச் சங்கத்தின் அமரர் வண்டிக்கு ரிவர்ஸ் அறிவிப்பு மாட்டினான். பின்னால் எடுத்தால் ஒரு பெண்குரல் சுத்தத் தமிழில், வண்டி பின்னால் வருகிறது, தயவுசெய்து வழிவிடுங்கள் என்று சொல்லும். அந்த வயரை ரிவர்ஸ் விளக்குக்குக் கொடுக்காமல் பிரேக் விளக்குக்குக் கொடுத்துவிட்டான். இரண்டும் பின்னால் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன, வயர்களின் நிறமும் மங்கிக் கிடந்தது. சரிபார்த்தானா என்றால் பார்த்தான், ரிவர்ஸ் கியர் போட்டான், குரல் பேசியது, கைதட்டாத குறையாக இறங்கிவிட்டான். ரிவர்ஸ் போடும்போது கால் பிரேக்கில்தானே இருக்கும்? அந்தப் பாழாய்ப்போன உண்மை மறுநாள்தான் தெரிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இஞ்ஞாசியாருக்கு அடக்கம். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை வண்டி ஆட்களின் நடைக்கு ஏற்றபடி ஊர்ந்தது, பத்தடிக்கு ஒரு பிரேக். பத்தடிக்கு ஒருமுறை, பெட்டிக்குள் இருந்தவர் சார்பில், பின்னால் வருகிறது, வழிவிடுங்கள் என்று அந்தப் பெண் கூவினாள். மாமாவுக்குப் போக மனசில்ல, திரும்பி வாராரு போல என்று யாரோ ஒரு மருமகன் சொல்லிவிட்டான். ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ததேயு பிளையரோடு ஓடிவந்து, பாட்டு நின்ற தெருவில், சாமியார் முன்னால், குனிந்து வயரை வெட்டினான். நிமிர்ந்தபோது இறந்தவரின் மூத்த மகளைப் பார்த்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். ஒரு மனுசனின் கடைசிப் பயணத்தைக் கேலிக்கூத்தாக்கி அவன் மகளை அப்படி அழவைத்தோமே என்று அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான், எட்டாம் நாள் போகலாம், முப்பதாம் நாள் போகலாம் என்று நினைத்தான், ஆறு வருடம் போயிற்று. எட்டு மாதத்துக்கு முன்னால் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்று, அந்த மூத்த மகள் இறங்கினாள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் பேசியதில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அக்காவோ கேட்டியா கேட்டியா என்கிறாள். எந்த வாயால் கேட்பது?

பழுப்புச் செருப்பு அசைந்தது. ஒரு பாதம் தரையில் தாளம் போடுகிறது. எரிச்சலா? வெயிலா? சர்பத் முடிந்திருக்கும். எழுந்து வந்துவிடுவாள். வந்து குனிந்து, என்னாச்சுண்ணே என்று கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கேட்பதற்குள் வேலையையாவது முடித்துவிட வேண்டும் என்று திரும்பிப் படுத்து, வலது மூலையில் பக்கவாட்டுத் தகட்டைப் பிரித்து, செட்டின் எர்த் வயரைப் பின்தொடர்ந்தான். பத்தாம் நம்பர் போல்ட்டில் முடுக்கியிருந்தது. முடுக்கு சரி. வாஷர் சரி. விரலை விட்டுத் தடவினான், வழவழவென்று இருந்தது. வழவழவென்று இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றினான். அடியில் கம்பெனி பெயிண்ட் அப்படியே, கல்யாணப் பெண் முகம் மாதிரி, ஒரு கீறல் இல்லாமல். பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகுதான் எர்த் முடுக்க வேண்டும், தொழில் பழகும்போது முதல் வாரத்தில் சொல்லித் தருவது. இரும்பைத் தொடாத எர்த் வேறு எங்கேயோ வழி தேடும், எஞ்சினின் முனகலை எல்லாம் பாட்டுக்குள் இழுத்துவரும். கொசு அதுதான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கியதில் தலை ஸ்டியரிங் தண்டில் முட்டியது. இதற்குச் சொல்ல இந்தத் தொழிலில் ஒரு மந்திரம் இருக்கிறது: கம்பெனி வயரிங்ல கோளாறு, நான் சரி பண்ணிட்டேன். எல்லோரும் சொல்வார்கள், அவனும் நூறு தடவை சொல்லியிருக்கிறான், பழி ஊர்பேர் தெரியாத ஏதோ தொழிற்சாலைக்குப் போய்விடும், நல்ல பெயர் கடையோடு இருக்கும். உப்புத்தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தேய்த்தான். வெள்ளைப் பொடி கண்ணில் விழுந்தது. இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தான், அதற்கு மேலும் தேய்த்தான். இந்தத் தடவை அந்த மந்திரம் வேண்டாம் என்று தோன்றியது. மற்றது கேட்க முடியாவிட்டால் போகிறது, இதையாவது உள்ளபடி சொல்லிவிடலாம். வயரை வைத்து முடுக்கினான். படுத்தபடியே கையை நீட்டிக் கியர் நியூட்ரலில் இருப்பதைத் தடவிப் பார்த்தான், சாவியைத் திருகினான், வலது கையால் ஆக்சிலேட்டரை அழுத்தினான். எஞ்சின் உறுமியது, ஸ்பீக்கர்கள் மூச்சு விடவில்லை. மறுபடி அழுத்தினான். கொசு செத்துவிட்டது. எஞ்சினை அணைத்துச் சாவியைப் பாதியில் நிறுத்தினான். செட்டின் திரை எரிந்துகொண்டிருந்தது. இனி படுத்துக் கிடக்க ஒரு காரணமும் இல்லை.

அப்போது தலைக்கு மேலே, நாலு கதவிலிருந்தும் ஒரே நேரத்தில், மணி அடித்தது. கடைக்குள் மேஜையில் கிடந்த போன் இன்னும் இந்தக் காரோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா என்று நினைத்துக் கழுத்தைத் திருகித் திரையைப் பார்த்தான். 'செசிலி'. வாடிக்கையாளர்களை அவன் வேலையோடு சேர்த்துத்தான் எழுதி வைப்பான், முத்தையாபுரம் ஊஃபர், பீச் ரோடு டாக்டர் ஹாரன். இவளையும் செசிலி டீச்சர் ரிவர்ஸ் கேமரா என்றுதான் எழுதியிருந்தான், ஒருநாள் ரிவர்ஸ் கேமராவை அழித்தான், இன்னொரு நாள் யாரும் இல்லாதபோது டீச்சரையும் அழித்தான். கறுத்த விரலை நீட்டிப் பச்சையைத் தொட்டான். முழங்கை பட்டுச் சத்தம் கூடிவிட்டது.

"கேக்குதா?"

கேட்டது, இரண்டு தடவை. முதலில் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சன்னமாக, ஒரு நொடி தள்ளிக் காருக்குள் பெரிதாக. ஸ்டியரிங் தண்டில் மூக்குக்கு மேலே அவனே ஒட்டிய குட்டி மைக் இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னான்.

"கேக்குது டீச்சர்."

"கொசு போயிட்டா?"

"போயிட்டு."

"என்ன கோளாறாம்?"

"எர்த்து. பெயிண்ட்டச் சுரண்டாம முடுக்கியிருக்கேன். கம்பெனி தப்பு இல்ல. என் தப்புதான்." நிறுத்த நினைத்தான், வாய் நிற்கவில்லை. "கேமராவும் என் தப்பு, ஸ்பீக்கரும் என் தப்பு. வேணும்னு ஒண்ணும் பண்ணல டீச்சர். உங்க வண்டின்னா கை வேற எங்கயோ போயிருது."

செருப்பு தாளத்தை நிறுத்தியது.

"அப்பா வண்டியும் நீங்கதான?"

ஆறு வருடம் காத்திருந்த கேள்வி, நாலு ஸ்பீக்கரில் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான்தான். ரிவர்ஸ்ல குடுக்க வேண்டியத பிரேக்குல குடுத்துட்டேன். அப்பவே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும், தைரியம் வரல. நீங்க அழுததப் பாத்தேன்."

"யாரு அழுதா?" ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ குலுங்கியது, பிறகு காருக்குள் அது சிரிப்பாக வந்து சேர்ந்தது. "முந்தானைய வாயில வச்சது சிரிப்ப அடக்க. அம்மாவும் என் தோளுக்குப் பின்னால சிரிச்சா. மூணு மாசம் ஆஸ்பத்திரியில வேதனப்பட்டுக் கிடந்த மனுசன், போகும்போது எங்கள சிரிக்க வச்சிட்டுப் போனாருன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. நீங்கதான் மாட்டுனீங்கன்னு தெரிஞ்சுதான் இந்தக் கடைக்கே வந்தேன்."

மல்லாந்து கிடக்கிறவனுக்குக் கண்ணீர் கன்னத்துக்கு வராது, காதுக்குத்தான் போகும். இரண்டு காதும் நனைந்தன. நெஞ்சில் ஆறு வருடமாகக் கிடந்த பாரம் இறங்கிப் போவதை அவனால் எண்ணிப் பார்க்க முடிந்தது, இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை குறுகிய இடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"அலோ," என்றாள் அவள். "அப்பயிருந்து கேக்கல கேக்கலன்னு தெருவே அதிரக் கத்துனீங்களே. ஏதும் கேக்கணுமா?"

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

எட்டு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. முதல் சொல்லைத் தேடினான், அது எங்கேயோ வயருக்குள் போய் ஒளிந்துகொண்டது. திரையில் அவள் பெயரும், மூலையில் சின்ன எழுத்தில் 'ததேயு போன்' என்றும் எரிந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உங்க கார்ல என் பேரு ஏறிக் கிடக்கு டீச்சர். அத அழிச்சிரட்டுமா?"

ஸ்டூலின் கால்களுக்கு நடுவே பழுப்புச் செருப்பு இரண்டும் எழுந்து நின்றன. ரோட்டின் ஓரத்துக்கு வந்தன. ததேயு இரண்டு பக்கமும் காதை வைத்தான். லாரி எதுவும் வரவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

"அழிக்காதீங்க," என்றாள் அவள். "இருக்கட்டும்."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லின் வாலுக்காகக் காத்திருந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அது 'ம்'மில் முடிந்தது. ஒரு நொடி கழித்துக் காருக்குள்ளும் 'ம்'மிலேயே முடிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.